டிரான்ஸ்பார்மரில் தாவர எண்ணெய்: பிடிவி சோதனைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"அண்ணே, எத்தனை கேவி வந்தா பாஸ்?"

டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். எண்ணெய் தாங்க முடியாமல் மின்பொறி பாய்ந்துவிடும் மின்னழுத்தம்தான் பிடிவி, அதைக் கேவியில் (கிலோவோல்ட்) அளக்கிறோம். பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் எண்ணெயில் கை பழகியவர்கள் இப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் சோயா, ரேப்சீட், சூரியகாந்தி போன்றவற்றிலிருந்து எடுத்த எஸ்டர் எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் நிற்கும்போது, கேவியை மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். எண்ணெயில் எவ்வளவு ஈரம், சோதிக்கும்போது என்ன வெப்பநிலை, ஊற்றிய பிறகு எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்? இந்த மூன்றும் பக்கத்தில் இல்லாத கேவி அளவை நான் அறிக்கையில் ஏற்பதில்லை.

சிங்கப்பூரில் ஐடிஇ அல்லது பாலிடெக்னிக் முடித்து இந்தத் துறைக்குள் வருபவர்களையும், தமிழ்நாட்டில் மின்வாரிய ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சாம்பிள் எடுப்பதில் தொடங்கி, மிஞ்சிய எண்ணெயை அப்புறப்படுத்துவது வரை வரிசையாகப் பார்ப்போம். அதற்கு முன் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் செய்தால், கை பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

எதற்காக இந்த எண்ணெய்

முதல் காரணம் தீ. சாதாரண மினரல் எண்ணெய் ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து எரியத் தொடங்கிவிடும். தாவர எஸ்டருக்கு அந்த எரிநிலை 300 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 62770 தரநிலை சொல்கிறது. நம் ஊரில் துணைமின்நிலையம் பல இடங்களில் கட்டடத்துக்குள்ளேயே, கடைத்தொகுதியின் அடித்தளத்திலோ தொழிற்சாலையின் பக்கச் சுவருக்குப் பின்னாலோ இருக்கிறது. மேலே மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எளிதில் தீப்பிடிக்காத எண்ணெய் என்பது பெரிய விஷயம். இரண்டாவது, அது மண்ணிலும் நீரிலும் விரைவாக மட்கக்கூடியது.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: காகிதம். டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது பெரும்பாலும் சுருள்களில் சுற்றியிருக்கும் காகிதத்தின் ஆயுள்தான். எண்ணெயை மாற்றலாம், காகிதத்தை மாற்ற முடியாது. தாவர எஸ்டர் அந்தக் காகிதத்திலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்த நீரில் ஒரு பகுதி எண்ணெயுடன் வினைபுரிந்து கொழுப்பு அமிலமாக மாறிவிடும். அதனால் அதே சூட்டில் ஓடினாலும் காகிதம் மினரல் எண்ணெயில் கிடப்பதைவிட மெதுவாகவே நலிகிறது.

இந்த எண்ணெய்கள் சந்தைக்கு வந்தது 1990-களின் கடைசியில். ஏபிபி நிறுவனத்தில் டி.வி. உம்மன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயை வைத்து 'பயோடெம்ப்' உருவாக்கினார்கள். சோயாவிலிருந்து வந்த 'எஃப்ஆர்3' இன்று உலகில் பல இடங்களில் ஓடுகிறது. 'மிடெல்' பெயரில் ரேப்சீட், சோயா இரண்டிலும் எண்ணெய் உண்டு. சிறிய விநியோக டிரான்ஸ்பார்மர்களில் தொடங்கிய பயணம், ஜெர்மனியின் புரூக்சால் அருகே 420 கேவி டிரான்ஸ்பார்மர் வரை வந்துவிட்டது. அதை சீமென்ஸ் செய்து கொடுத்த செய்தி 2014-இல் வெளியானது.

சமையல் எண்ணெயை ஊற்றினால் போதாதா என்று சிலர் உண்மையான ஆர்வத்தோடு கேட்பார்கள். போதாது. கடையில் விற்கும் எண்ணெயில் ஈரம், துகள், தனித்த கொழுப்பு அமிலம் எல்லாம் சாப்பாட்டுக்கு ஏற்ற அளவில் இருக்கும், மின்சாரத்துக்கு ஏற்ற அளவில் இருக்காது. டிரான்ஸ்பார்மருக்கான எண்ணெயை இன்னும் சுத்திகரித்து, உலர்த்தி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஈரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சோதனைக் கருவியைத் தொடுவதற்கு முன் இந்தப் பகுதி மனத்தில் பதிய வேண்டும். மற்றதையெல்லாம் செய்து செய்து கற்றுக்கொள்ளலாம்.

25 டிகிரியில் மினரல் எண்ணெய் ஏறக்குறைய 60 முதல் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரைதான் நீரைக் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் நீர் தனித்துளியாகப் பிரிந்துவிடும். அதே 25 டிகிரியில் தாவர எஸ்டர் ஏறக்குறைய 1,000 முதல் 1,100 பிபிஎம் வரை கரைத்துக்கொள்ளும். பதினைந்து மடங்கு.

இப்போது 50 பிபிஎம் ஈரம் என்று ஆய்வக முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மினரல் எண்ணெய் என்றால் கொள்ளளவில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது, உடனே கவனிக்க வேண்டும். தாவர எஸ்டர் என்றால் வெறும் 5 விழுக்காடு, நல்ல உலர்ந்த எண்ணெய். ஒரே எண், இரண்டு முற்றிலும் வேறான நிலைமைகள். புதிய எஸ்டருக்கு 200 பிபிஎம் வரை ஐஇசி 62770 அனுமதிப்பதைப் பார்த்து, "இவ்வளவா!" என்று மினரல் எண்ணெய்க்காரர்கள் திகைப்பார்கள். 25 டிகிரியில் அது 18, 19 விழுக்காடுதான்.

முறிவு மின்னழுத்தம், அதாவது பிடிவி, பிபிஎம் எண்ணைவிட இந்த விழுக்காட்டைப் பின்தொடர்ந்தே நடக்கிறது. ஈரம் கொள்ளளவில் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பிடிவி பெரிதாக அசையாது. அதைத் தாண்டி 30-ஐ நெருங்கும்போது சரியத் தொடங்கும். எண்ணெயில் நூலிழையோ தூசியோ இருந்தால் இந்தச் சரிவு இன்னும் முன்னதாகவே வந்துவிடும். நூலிழை நீரைக் குடித்து, மின்புலத்தில் நேராக நிமிர்ந்து, சோதனைப் பாத்திரத்தின் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கும் (மின்முனைகளுக்கும்) நடுவே பாலம் போடும். ஈரமும் துகளும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து அதிகம்.

வெப்பநிலையும் இங்கேதான் உள்ளே வருகிறது. சூடானால் எண்ணெயின் கொள்ளளவு கூடும். எஸ்டருக்கு 60 டிகிரியில் அது 1,900 பிபிஎம்மைத் தொடும். அதே ஈரம், அதே எண்ணெய், ஆனால் சூடாகச் சோதித்தால் விழுக்காடு குறைந்து பிடிவி நன்றாகத் தெரியும். கொட்டகைக்குள் 34 டிகிரியில் எடுத்த பிடிவி அளவையும், குளிரூட்டிய ஆய்வகத்தில் 23 டிகிரியில் எடுத்த அளவையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

முதல் படி: அனுமதியும் அழுத்தமானியும்

உயர் மின்னழுத்த நிறுவலில் யாரும் தானாகப் போய் வால்வைத் திறக்கக் கூடாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரின் பொறுப்பில், வேலை அனுமதிச் சீட்டு கையில் இருந்தால்தான் நெருங்க வேண்டும். புதிதாக வந்தவர் நீங்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்: சீட்டு எங்கே என்று கேட்பதற்குத் தயங்கவே தயங்காதீர்கள். மேலாளர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். உங்கள் வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அப்புறம் அழுத்தமானியைப் பாருங்கள். தாவர எஸ்டர் நிரப்பிய டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் காற்றுப் புகாதபடி மூடியவை. எண்ணெய் குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகலாம். அந்த நிலையில் கீழ் வால்வைத் திறந்தால், எண்ணெய் வெளியே வருவதற்குப் பதில் காற்றுக் குமிழி உள்ளே ஏறும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் சுருளை நோக்கி ஒரு குமிழி மேலே போவதை நினைத்துப் பாருங்கள். முள் வெற்றிடப் பக்கம் இருந்தால் சாம்பிள் எடுக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அன்றைய பயணம் வீணாகலாம், பரவாயில்லை.

இரண்டாம் படி: சாம்பிள்

சிங்கப்பூரில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான். நான் செய்ததையே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலை. காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. குளிரூட்டிய வேனின் பின்பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பாட்டிலை எடுத்து நேராக வால்வுக்குக் கொண்டுபோனேன், மூடியைத் திறந்தேன், நிரப்பினேன். கொண்டுவந்த கருவியில் ஊற்றி ஐந்தாவது நிமிடமே பட்டனை அழுத்தினேன். சராசரி 31 கேவி. இரண்டு ஆண்டுகூட ஆகாத எண்ணெய். தொழிற்சாலைக்காரர் முகம் வெளிறிவிட்டது. எண்ணெய் முழுவதையும் உலர்த்தி வடிகட்ட வேண்டியிருக்குமோ என்று பேச்சுத் தொடங்கிவிட்டது. அன்று என்னோடு வந்திருந்த மூத்தவர் எதுவும் சொல்லாமல் இன்னொரு பாட்டிலை வெயிலில் ஒரு மணி நேரம் மூடியோடு வைத்தார். அதில் எடுத்த சாம்பிளை அரை மணி நேரம் அசையாமல் விட்டுச் சோதித்தார். 67 கேவி.

நடந்தது இதுதான். வெளிக்காற்று 31 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் பனி படியும். வேனுக்குள் என் பாட்டில் அதைவிடக் குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்ததும் உள்சுவரில் மெல்லிய நீர்ப்படலம். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு எம்ஆர்டியிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி மங்குமே, அதேதான். மேலே என் அவசரம் வேறு. ஊற்றும்போது நுழைந்த குமிழிகள் அடங்க நான் நேரமே கொடுக்கவில்லை.

ஆகவே, பாட்டிலை மூடியோடு வெளியே எடுத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியக் கூடாது. மழை பெய்யும்போதும் பெய்து தரை ஈரமாக இருக்கும்போதும் எடுக்காமல் இருப்பது நல்லது. டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் இது கடினம் என்று தெரியும். அந்த மாதங்களில் பயணத் திட்டத்திலேயே ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வின் வெளிப்புறத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். பழைய டி-சட்டைத் துணி வேண்டாம், அதன் நூலிழையே உங்கள் முடிவைக் கெடுத்துவிடும். வால்வுக்குள் தேங்கிக் கிடந்த எண்ணெய் டேங்கின் எண்ணெயைப் பிரதிநிதிப்பதில்லை. முதலில் ஒன்றிரண்டு லிட்டரைத் தனிக் கலனில் விட்டுவிடுங்கள். சிறிய டிரான்ஸ்பார்மர் என்றால் அளவைக் குறையுங்கள், எண்ணெய் மட்டம் இறங்கிவிடக் கூடாது. பிறகு அந்த எண்ணெயாலேயே பாட்டிலை இரண்டு முறை அலசுங்கள். குழாயின் முனை பாட்டிலின் அடியைத் தொடும்படி வைத்து, சலசலப்பில்லாமல் மெல்ல நிரப்புங்கள். பழுப்பு நிறக் கண்ணாடியோ அலுமினியமோ நல்லது, தாவர எண்ணெய்க்கு வெளிச்சம் ஆகாது. எண்ணெயின் வெப்பநிலையை அப்போதே அளந்து லேபிளில் எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த எண் திரும்பக் கிடைக்காது.

ஈரம் அளக்க ஒரு தனிச் சாம்பிளைச் சிரிஞ்சில் எடுப்பது நல்ல பழக்கம். கார்ல் பிஷர் முறையில் அளப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு துளி நீர் ஏறக்குறைய 50 மில்லிகிராம். ஒரு லிட்டர் தாவர எண்ணெய் 920 கிராம் அளவில் இருக்கும். அந்த ஒரு துளி விழுந்தால் 54 பிபிஎம் கூடிவிடும். எஸ்டர் அதைப் பொறுமையாகக் கரைத்துக்கொள்ளும், அதனால் மறுநாள் பிடிவி நன்றாகவே வரலாம். ஆனால் ஈர எண் டேங்கின் உண்மையைச் சொல்லாது. கெட்ட சாம்பிளை நல்ல சாம்பிள்போலக் காட்டும் குணம் இந்த எண்ணெய்க்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: பாத்திரமும் இடைவெளியும்

நம் பக்கம் அதிகம் பயன்படுவது ஐஇசி 60156 முறை. இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே 2.5 மி.மீ. இடைவெளி, மின்னழுத்தம் வினாடிக்கு 2 கேவி வேகத்தில் ஏறும், ஆறு முறை முறிய விடுவோம், இரண்டு முறிவுகளுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு, ஆறின் சராசரியே முடிவு. அமெரிக்க முறையான ஏஎஸ்டிஎம் டி1816-இல் இடைவெளி 1 அல்லது 2 மி.மீ., வேகம் வினாடிக்கு அரை கேவி. கருவியின் மெனுவில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். முந்தைய ஆண்டு ஒன்றிலும் இந்த ஆண்டு மற்றொன்றிலும் எடுத்துவிட்டு, எண்ணெய் கெட்டுவிட்டது என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

இடைவெளியை ஒவ்வொரு நாளும் கேஜ் வைத்துப் பாருங்கள். எலக்ட்ரோடின் முகத்தில் குழி விழுந்திருந்தால் மெருகேற்றுங்கள், இல்லையேல் மாற்றுங்கள். மினரல் எண்ணெய் சோதித்த பாத்திரத்தை வெறுமனே துடைத்துவிட்டு எஸ்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். தாவர எண்ணெய் மெல்லிய படலமாகக் காற்றில் கிடந்தால் பிசினாகிவிடும். வீட்டில் வாணலியின் வெளிப்பக்கம் ஒட்டும் பிசுக்கை எல்லாரும் தேய்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். அதனால் வேலை முடிந்ததும் பாத்திரத்தை அதே வகை உலர்ந்த எண்ணெயால் நிரப்பி மூடி வையுங்கள்.

நான்காம் படி: ஊற்றுங்கள், பிறகு காத்திருங்கள்

பாட்டிலைக் குலுக்காமல் சில முறை மெல்லத் தலைகீழாக்கிக் கலக்குங்கள். அடியில் துகள் தங்கியிருந்தால் அதுவும் சோதனைக்குள் வர வேண்டும். கொஞ்சம் ஊற்றிப் பாத்திரத்தை அலசிக் கொட்டிவிட்டு, சுவரோரமாக மெல்ல நிரப்புங்கள்.

40 டிகிரியில் மினரல் எண்ணெயின் பாகுத்தன்மை 10 சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இருந்தால், தாவர எஸ்டருக்கு அது மூன்று நான்கு மடங்கு. தேன் அளவுக்கு இல்லை, ஆனால் நுண்குமிழி மேலே ஏறிவர நேரம் எடுக்கும். 60156 ஏறக்குறைய 5 நிமிடக் காத்திருப்பைச் சொல்கிறது, இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும் குமிழி இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எஸ்டருக்கு நான் 15 நிமிடத்துக்குக் குறைந்து பட்டனைத் தொடுவதில்லை. எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் அரை மணி நேரம். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை முடிவுசெய்து, எல்லாரும் அதையே பின்பற்றி, அறிக்கையிலும் எழுதுங்கள். அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம், பாத்திரம் வைத்த மேசையைத் தட்டாமல் இருந்தால் சரி.

மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா, கருவி நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே 70, 80 கேவி வரை ஏறப்போகிறது. மூடியின் பாதுகாப்பு விசையை யாராவது டேப் ஒட்டி முடக்கி வைத்திருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆறு எண்களையும் பாருங்கள்

கருவி சராசரியைப் பெரிய எழுத்தில் காட்டும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஆறு எண்கள்தான் எண்ணெயின் கதையைச் சொல்பவை. உதாரணத்துக்கு இரண்டு வரிசைகள்:

70, 62, 71, 64, 69, 63.
72, 68, 75, 41, 70, 73.

இரண்டுக்கும் சராசரி 66.5 கேவிதான். முதல் வரிசை அமைதியான எண்ணெய். இரண்டாவதில் ஐந்து எண்கள் மிக நன்றாக இருக்க, நடுவே ஒன்று 41-க்கு விழுந்திருக்கிறது. அந்த நொடியில் ஒரு நூலிழையோ குமிழியோ இடைவெளிக்குள் வந்திருக்கிறது. முதல் வரிசையில் எண்களின் சிதறல் (திட்ட விலக்கம்) சராசரியில் 6 விழுக்காடு, இரண்டாவதில் 19. சராசரியை மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்று. நான் இரண்டாவதைப் பார்த்தால் பாத்திரத்தைக் காலி செய்து, அதே பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றிச் சோதிப்பேன். மறுபடியும் அப்படி ஒன்று விழுந்தால் துகள் எண்ணெயிலேயே இருக்கிறது, வடிகட்டுவது பற்றிப் பேச வேண்டியதுதான்.

எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனால், குமிழி அடங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டீர்கள் என்று சந்தேகியுங்கள். இறங்கிக்கொண்டே போனால், முறிவில் உண்டான கரியும் வாயுவும் இடைவெளியைவிட்டு விலகவில்லை. பாத்திரத்துக்குள் எண்ணெயைக் கலக்கும் கருவி ஓடுகிறதா பாருங்கள், பாகு எண்ணெயில் அது சில நேரம் தயங்கும்.

சரி, இப்போது அந்த முதல் கேள்வி. தயாரிப்பாளரிடமிருந்து வந்திறங்கும் புதிய தாவர எஸ்டருக்கு ஐஇசி 62770 கேட்பது குறைந்தது 35 கேவி. உலர்த்தி, வடிகட்டி, வெற்றிடத்தில் நிரப்பிய நல்ல எண்ணெய் 60, 70-ஐத் தாண்டுவது சாதாரணம். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு ஐஇசி 62975 என்ற தனி வழிகாட்டித் தரநிலை 2021-இல் வந்தது. அதில் மின்னழுத்த வகுப்புக்கு ஏற்பத் தனித்தனி எல்லைகள் உண்டு. மினரல் எண்ணெயின் அட்டவணையை எடுத்து இங்கே வைக்காதீர்கள், எந்த எண்ணுக்கும். குறிப்பாக அமில எண்ணுக்கு. ஈரத்தோடு வினைபுரிந்து கொழுப்பு அமிலம் உண்டாவது இந்த எண்ணெயின் இயல்பு. அவை நீண்ட சங்கிலி அமிலங்கள், மினரல் எண்ணெய் நலியும்போது வரும் குட்டை அமிலங்களைப்போல் காகிதத்தை அரிப்பதில்லை. மினரல் அளவுகோலை வைத்தால் நல்ல எண்ணெயைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

ஆண்டுகள் போகப் போக

மின்தாங்குதிறன் எத்தனை ஆண்டு நிற்கும் என்று வாடிக்கையாளர் கேட்பார். டேங்க் காற்றுப் புகாமல் மூடியிருந்தால், ஈரமும் துகளும் கட்டுக்குள் இருந்தால், எண்ணெய் நிறம் கறுத்து அமிலம் ஏறிய பிறகும் பிடிவி நன்றாகவே நிற்கும். அதனால்தான் பிடிவியை மட்டும் பார்த்து முதுமையைக் கண்டுபிடிக்க முடியாது. காற்றுப் புகுந்த எஸ்டர் முதலில் கெட்டியாகும். பாகுத்தன்மை ஏறுகிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள், அது ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது. கெட்டியான எண்ணெய் சுருள்களுக்குள் சரியாக ஓடாது, சூடு தங்கும். சிலிக்கா ஜெல் வைத்த திறந்த மூச்சுக்குழாய் நம் ஊர் ஈரத்துக்கு மினரல் எண்ணெயிலேயே திணறுகிறது. தாவர எஸ்டருக்கு அது வேண்டவே வேண்டாம். எண்ணெயைக் காற்றிலிருந்து பிரித்து வைக்கும் ரப்பர் பையோ நைட்ரஜன் மெத்தையோதான் சரி.

எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை வைத்து உள்ளே கோளாறு உண்டா என்று பார்க்கும் கரைந்த வாயுச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோயா எண்ணெயில் கோளாறு எதுவும் இல்லாமலே ஈத்தேன் கூடுதலாக வரும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2.5 மி.மீ. இடைவெளியில் மெதுவாக ஏற்றும் மின்னழுத்தத்துக்கு எண்ணெய் எப்படி நிற்கிறது என்பதை மட்டுமே பிடிவி காட்டுகிறது. மின்னல் தாக்கும்போது வரும் நுண்வினாடித் துடிப்பு வேறு கதை. கூர்மையான முனையும் நீண்ட இடைவெளியும் சேர்ந்த இடத்தில், தாவர எஸ்டரில் முறிவுக் கீற்று (எண்ணெயைப் பிளந்து முன்னேறும் மின்பொறிக் கோடு) மினரல் எண்ணெயைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகம் பிடித்துவிடும். இது வடிவமைப்பாளரின் கவலை. ஆனால் பழைய மினரல் டிரான்ஸ்பார்மரில் எண்ணெயை மட்டும் மாற்றி எஸ்டர் நிரப்பலாமா என்று உங்களிடம் யாராவது கேட்டால், பிடிவி நன்றாக வருகிறது என்பதை மட்டும் வைத்துத் தலையாட்டாதீர்கள். தயாரிப்பாளர் வடிவமைப்பைப் பார்த்துச் சொல்லட்டும். அப்படி மாற்றும்போது காகிதத்திலும் மூலைகளிலும் தங்கும் பழைய எண்ணெய் கலந்து எரிநிலையைக் கீழே இழுக்கும். சில விழுக்காடு கலந்தாலே 300 டிகிரி என்ற பாதுகாப்புப் போய்விடலாம், ஆகவே மாற்றிய பின் எரிநிலையைச் சோதித்தே ஆக வேண்டும்.

கடைசிப் படி: எழுதுவதும் அப்புறப்படுத்துவதும்

என் அறிக்கையில் ஒரு வரி இப்படி இருக்கும்: "ஐஇசி 60156, 2.5 மி.மீ., சராசரி 66.5 கேவி, சிதறல் 6 விழுக்காடு, எண்ணெய் 24 டிகிரி, காத்திருப்பு 30 நிமிடம், ஈரம் 95 பிபிஎம், அந்த வெப்பநிலையில் கொள்ளளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு, சாம்பிள் எடுத்தபோது எண்ணெய் 48 டிகிரி, மழை இல்லை." அடுத்த ஆண்டு வேறு யாராவது வந்து இதைப் படித்தால் அவருக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்காது.

மிஞ்சிய எண்ணெயைப் பற்றி. மட்கும் எண்ணெய்தானே என்று தரையிலுள்ள வடிகாலில் ஊற்றிவிடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்த வடிகாலில் ஓடும் நீர் மரினா போன்ற நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேர்கிறது, நாம் குடிக்கும் தண்ணீர் அது. எண்ணெயை மூடிய கலனில் சேர்த்து, மினரல் எண்ணெயோடு கலக்காமல், உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

துடைத்த துணிகளையும் கவனியுங்கள். தாவர எண்ணெய் ஊறிய துணிகளைக் குவியலாகப் போட்டுவைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து அவை தாமாகவே சூடாகும், புகையத் தொடங்கவும் கூடும். எளிதில் தீப்பிடிக்காத எண்ணெய் என்று டேங்கில் பெயர் வாங்கியது, துணியில் பரவிவிட்டால் வேறு குணம் காட்டும். மூடியுள்ள உலோகக் கலனில் போட்டு, அன்றைக்கே வேனிலிருந்து இறக்கிவிடுங்கள்.